பதினேழாம் எண் படத்துக்கு மாலை

1

எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலு மாதமாக ஒரு காகிதம் கிடக்கிறது. பறந்துவிடாமல் இருக்க மேலே உப்பு ஜாடி. ஊரிலிருந்து, எங்கள் டவுன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வந்த காகிதம். என் மனைவி சரசு அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. போடுகிறேன் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வேளையும் அதை நகர்த்திவிட்டுத் தட்டை வைக்கிறாள். சாப்பிட்டதும் மேசையைத் துடைத்து, காகிதத்தைப் பழைய இடத்திலேயே வைத்து, உப்பு ஜாடியையும் தூக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள்.

காகிதம் இப்படிப் போகிறது: "மன்றக் கூடத்தில் உள்ள 17-ஆம் எண் ஓவியத்தில் காணப்படும் திருமதி வீரம்மாள், சிலமலை, என்பவர் இயற்கை எய்தியதாக இவ்வலுவலகத்துக்குத் தெரிய வருகிறது. மேற்படி ஓவியத்துக்கு மாலை அணிவிப்பதில் நெருங்கிய உறவினர் என்ற முறையில் தங்களுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா என்பதைக் கீழ்க்காணும் படிவத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

வீரம்மாள் சரசுவின் அம்மா, என் மாமியார். இந்த வருஷம் கோடையில் இறந்துபோனார்.

இதில் கூத்து என்னவென்றால், அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட அவர்களுடையதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது நான் எழுதிக் கொடுத்த வாசகம். என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே இலக்கியம் என்றுகூடச் சொல்லலாம். அது கடல் தாண்டி வந்து என் வீட்டு மேசையிலேயே உட்காரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்சம் இதமாக எழுதியிருப்பேன்.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. பக்கத்தில் போடி, தலைக்கு மேலே ஏலமலை. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2

நாங்கள் இருப்பது மேற்கு ஜெர்மனியில், வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஒரு சின்ன ஊர். சரசு இங்கே நர்ஸ். மலைக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் படித்தவள், அவர்கள் ஏற்பாட்டில் முதலில் அவள் வந்தாள். பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான். முதல் இரண்டு வருஷம் எனக்கு வேலை செய்ய அனுமதியில்லை, சமைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் கேட்டவர்களிடம் என் மாமியார், "மாப்ளைக்கு அங்கிட்டும் ஆபீசு சோலிதான்" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினார்.

அப்புறம் இந்த ஊர் நகராட்சி எனக்கு ஒரு வேலை கொடுத்தது. நம்பினால் நம்புங்கள், ஓவியக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற வேலை. பட்டன் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் ஆயுள் முழுக்க வாங்கிச் சேர்த்த ஓவியங்களை நகராட்சிக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முக்கால்வாசி மாடுகள். மேய்கிற மாடு, படுத்திருக்கிற மாடு, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாடு. அவற்றை யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மாட்டைக் கட்டிப் பார்த்துக்கொண்ட பரம்பரைதான் என்பதால் பெரிய சிரமமில்லை.

என் மேலதிகாரி ஹெல்கா அம்மா. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்ட அறைக்கு ஒரு கருவி வைத்திருக்கிறார். வெள்ளைக் கையுறை போடாமல் சட்டத்தைக்கூடத் தொடமாட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு பசுவின் முதுகில் தூசி தெரிந்தது. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு துடைக்கப் போனேன். ஹெல்கா அம்மா போட்ட சத்தத்தில் பசுவே மிரண்டிருக்கும்.

அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலும் இப்படி ஒரு கூடம் உண்டு, அங்கே வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு ஓவியத்தின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் வைப்போம் என்று சொன்னேன். ஹெல்கா அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓவியத்தின் மேலேயேவா?"

"மேலேயேதான். எண்ணெய்ச் சாயம் என்பதால் நன்றாக ஒட்டாது. கொஞ்சம் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டால் நிற்கும்."

அவர் தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னைப் படங்களோடு தனியாக விடவில்லை.

வீட்டில் வேறு மாதிரி. மகள் கனகாவுக்கு ஒன்பது வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுகிற வயது. "தண்ணி கொண்டா" என்றால் கொண்டுவருவாள், ஆனால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "தயவுசெய்து என்ற சொல் எங்கே?" என்பாள். எங்கள் பக்கத்தில் அது குரலிலேயே கலந்திருக்கிறது, தனியாகச் சொல்வதில்லை என்றால் நம்பமாட்டாள். நானும் லேசுப்பட்டவனில்லை. இந்த ஊர் பாஷையிலும் நீ, நீங்கள் உண்டு. ஆண்டு விழாவில் மேயர் கை கொடுத்தபோது பதற்றத்தில் அவரை 'நீ' என்றும் அவர் நாயை 'நீங்கள்' என்றும் சொல்லிவிட்டேன். நாய் பெருந்தன்மையாக நடந்துகொண்டது.

மேசைமேல் கிடக்கிற காகிதத்தைப் பார்த்து, "வரி ஆபீசா?" என்று கனகா கேட்டாள். இந்த வீட்டில் ஒரு காகிதம் இத்தனை நாள் மேசையில் கிடந்தால் அது வரி ஆபீசாகத்தான் இருக்கும். இல்லை, உன் அம்மாச்சி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரியும்படி சொல்லிவிடுகிறேன்.

3

எழுபதுகளின் தொடக்கத்தில், போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி காலமானார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தோட்டத்தைப் பார்த்த நேரத்தைவிட, தோட்டத்தில் வேலை செய்தவர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்த நேரம்தான் அதிகம். ஏலக்காய் எடுக்கிற பெண்கள், கங்காணி, காய் உலர்த்துகிற ஸ்டோர்க்காரர், ஜீப்பு டிரைவர் என்று ஒருவரையும் விடவில்லை. கூடையோடு அரை நாள் நிற்க வைத்து வரைந்தால் முழு நாள் கூலி கொடுத்துவிடுவாராம். படத்து முதலாளி என்றே பெயர். அவர் உயிலில் நாற்பத்தோரு படங்களை எங்கள் பஞ்சாயத்துக்கு எழுதி வைத்திருந்தார், வேலையாட்கள் இந்தப் பக்கத்து ஜனங்கள் என்பதால். விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, சாதாரண ஜனங்கள் வந்து பார்க்கிற இடத்தில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

லாரியில் படங்கள் வந்து இறங்கியபோது எங்கள் தலைவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "தோட்டத்துல ஒரு மூலையாச்சும் எழுதி வச்சிருக்கலாம்" என்று சொன்னதோடு சரி. அப்புறம் மன்றம் கூடித் தீர்மானம் போட்டது. படங்களை மன்றக் கூடத்தில் மாட்டுவது, வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை அணிவித்து உரிய முறையில் பராமரிப்பது.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் பக்கத்தில் ஒரு ஆளைப் பெரிதாகச் சட்டம் போட்டு, தன்னந்தனியாகச் சுவரில் மாட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வரைந்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், வரையப்பட்டவர்களும் அவருக்கு முந்தியவர்களாக இருப்பார்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். படத்தில் இருந்தவர்களில் பல பேர் ராசிங்காபுரத்திலும் சிலமலையிலும் இருந்து வாரா வாரம் எங்கள் ஆபீஸ் வாசல் வழியாகத்தான் ஜீப்பில் மலைக்குப் போய்வந்தார்கள். தலைவருக்கே மலையில் தோட்டம் உண்டு. வேலைக்கு வருகிறவர்களின் முகத்தை யாராவது ஏறிட்டுப் பார்த்திருந்தால்தானே சுவரில் பார்க்கும்போது அடையாளம் தெரியும். நானும் பார்த்ததில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் உண்டு.

பராமரிப்பு என்றால் அப்படியொரு பராமரிப்பு. ஆபீஸ் பியூன் மாயாண்டி அண்ணன் தினமும் காலையில் ஈரத்துணியால், பொட்டு அழியாமல், நாற்பத்தோரு முகத்தையும் கழுவிவிடுவார். மாதம் ஒருமுறை மினுமினுப்புக்குத் தேங்காயெண்ணெய். கூடத்துக்கு வெள்ளையடித்தபோது படங்களின் மேல் தெறித்த சுண்ணாம்பைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தார். ஹெல்கா அம்மாவிடம் இதையெல்லாம் நான் இன்னும் சொல்லவில்லை. அவருக்கும் வயதாகிறது.

என் வேலை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை போட்டாயிற்றா என்று சரிபார்த்து ரிஜிஸ்தரில் எழுதுவது. படங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 'பதினேழு: பெண், கூடையுடன், மூக்குத்தி, சிரிக்கவில்லை.' இதுவும் என் எழுத்துதான்.

4

அந்தச் சமயத்தில் எனக்குச் சிலமலையில் பெண் பார்த்தார்கள். நர்ஸ் படித்த பெண், அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று, ஆபீசில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அப்பாவோடு போய் உட்கார்ந்தேன். பெண்ணின் அம்மா காபியோடு வந்தார். நிமிர்ந்து பார்த்தேன்.

அன்றைக்குக் காலையில்தான் அந்த நெற்றிக்கு மாயாண்டி அண்ணன் குங்குமம் வைத்ததை நின்று சரிபார்த்திருந்தேன். அதே மூக்குத்தி. அதே சிரிக்காத முகம். என்னையறியாமல் "பதினேழு!" என்று கத்திவிட்டேன்.

"பதினேழா?" என்றார் அவர். "எப்பா, சீனி அம்புட்டா போடுவாக?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் எப்போதுமே கிடையாது. மலை முதலாளி வரைந்த அவருடைய படம் எங்கள் ஆபீசில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மொதலாளி என்னய நிக்க வச்சு எழுதுனாரே, அதா? ஐயோ, அது இம்புட்டுப் பக்கத்துலயா இருக்கு! நல்லாப் பாத்துக்கிறீகளா தம்பி?"

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிறோம். வெள்ளிக்கிழமை தவறாம மாலை போட்டுப் பொட்டு வச்சிருவோம்."

என் அப்பா தொடையைக் கிள்ளினார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"மாலையா?" என்றார் அவர். "எனக்கா?"

பெண்ணின் அப்பா, பரம சாது, மேலே பார்த்துக்கொண்டே, "இன்னைக்கி வெள்ளிக்கெழமைதான?" என்றார். அப்போது உள்ளறையில் யாரோ சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் வந்தது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவது என்று அந்தச் சிரிப்பில் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்சில் அவர் ஆபீசுக்கு வந்துவிட்டார். பதினேழாம் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். செவ்வந்தி மாலை, நெற்றியில் காசளவு குங்குமம்.

"எத்தன வருசமாய்யா?"

"நாலு வருஷம்."

"நாலு வருசமா நாஞ் செத்துக் கெடக்கேன். ஒரு பய வந்து எங்கிட்டச் சொல்லல." மாயாண்டி அண்ணன் பக்கம் திரும்பினார். "கழட்டு."

"ஆத்தா, தீர்மானம் இருக்கு. மாலை இல்லாமப் பாத்தா எம்மேல எழுதிப்புடுவாக."

"அப்பச் சரி." அவர் என்னைப் பார்த்தார். "இந்த மாலை எங் கழுத்துல கெடக்குற வரைக்கும் எம்மக கழுத்துல உம்ம தாலி ஏறாது. வெரசா முடிவு பண்ணிக்கிருங்க."

5

அப்போது தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. கலைத்துவிட்டு, அந்த இடத்தில் தனி அலுவலர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். மன்றம் என்றாலே அவர் ஒருவர்தான். அவரே கூட்டத்துக்கு நோட்டீஸ் விடுவார், அவரே வந்து உட்காருவார், அவரே தீர்மானத்தைக் கொண்டுவந்து, 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். நல்ல மனிதர்தான், ஆனால் ஆதாரம் இல்லாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கோப்பைக் கொண்டுபோய் வைத்தேன்.

"பதினேழாம் எண் உயிரோட இருக்காங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"சார், அவுங்களே வாசல்ல நிக்கிறாங்க."

எட்டிப் பார்த்தார். "ஒரு அம்மா நிக்கிறாங்க. அவங்க உயிரோட இருக்காங்க. ஒத்துக்கறேன். படத்துல இருக்கிறது அவங்கதான்னு யார் சொல்றது?"

"பாத்தாலே தெரியுதே சார்."

"தெரியுதுன்னு ரிஜிஸ்தர்ல எழுதுவீரா?"

அவர் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். ஒருவர் உயிரோடு இருந்தால் மற்றவர்களும் இருக்கலாமே, இது பெரிய விஷயமாச்சே என்றார். அந்த வாரமே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சுற்றுவட்டத்தில் தமுக்கு அடித்தார்கள். நான் சொல்வது பொய்யில்லை, என் காதால் கேட்டேன்: "பஞ்சாயத்து ஆபீசுல படமா இருக்கவுகல்லாம், உசுரோட இருந்தா, திங்கக்கெழம காலையில வந்து நேர்ல காட்டணும்!"

6

திங்கட்கிழமை போடிமெட்டிலிருந்து இரண்டு ஜீப்பு நிறைய ஆட்கள் இறங்கினார்கள். பஸ்சில் வேறு. படத்தில் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று. தன் முகம் எங்கேயாவது மாலையோடு தொங்குகிறதோ என்ற பயம் ஊரையே பிடித்துவிட்டது.

தனி அலுவலர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொருவரும் தங்கள் படத்துக்குப் பக்கத்தில், படத்தில் உள்ளபடியே நிற்க வேண்டும். கூடை வைத்திருந்தால் கூடை, கம்பு வைத்திருந்தால் கம்பு. வீரம்மாள் இடுப்பில் கூடையோடு நின்றார். தனி அலுவலர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"சரி. அதே கோபம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மாயாண்டி அண்ணன் மாலையைக் கழற்றி, ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தார். நான் விட்ட பெருமூச்சு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

சுருளி என்று ஒரு பழைய கங்காணி. அவர் மட்டும் மாலையைக் கழற்றவிடவில்லை. "இருக்கட்டும்யா. செத்ததுக்கப்புறம் எனக்கு எவன் போட்டாத்தான் என்ன, நாம் பாக்கவா போறேன்? இப்பவே பாத்துக்கிறேன். அடுத்த வாரம் கொஞ்சம் ரோசாப்பூச் சேத்துக் கட்டச் சொல்லு." அவருக்கென்று தனியாக ஒரு விலக்கு எழுத வேண்டியதாயிற்று.

மத்தியானத்துக்குள் கூட்டம் கலைந்துவிட்டது. பாதிக்கும் மேல் படங்களில் மாலை அப்படியே இருந்தது. அவற்றுக்கு யாரும் வரவில்லை. வீரம்மாள் போகாமல் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் வந்த வேலை முடிந்துவிட்டது, எனக்கும் கல்யாணம் உறுதியாகிவிட்டது, இனி என்ன என்று பக்கத்தில் போனேன்.

"இவ பேரு என்னன்னு எழுதியிருக்கீக?" என்று மூன்றாம் எண்ணைக் காட்டினார்.

"பேர் தெரியாது. மூணுன்னுதான் எழுதியிருக்கு."

"பேச்சியம்மா. ராசிங்காபுரம். ஜீப்பு கவுந்ததுல போயிட்டா. எழுதிக்கிருங்க." அடுத்த படத்துக்கு நகர்ந்தார். "இது மொக்கையன். காய்ச்சல். மூணே நாளு." அதற்கடுத்தது. "இவ சின்னப்பொண்ணு, எனக்குப் பக்கத்து வரிசையில காய் எடுப்பா. புள்ளப்பேத்துல... மலையிலருந்து கீழ கொண்டாரதுக்குள்ள."

நான் எழுதிக்கொண்டே போனேன். பெயர் சொல்லச் சொல்ல, கோணலாகக் கிடந்த மாலைகளைச் சரிசெய்தார். சின்னப்பொண்ணுவின் நெற்றியில் வழிந்திருந்த குங்குமத்தைத் தன் விரலால் வட்டமாக்கினார். "இவளுக்குப் போடுங்க. நல்லா நெருக்கமாக் கட்டிப் போடுங்க" என்றார். அன்றைக்கு என் மாமியார் அழவில்லை, நான்தான் பேனா மூடி விழுந்துவிட்டது என்று கீழே குனிந்து ரொம்ப நேரம் தேடினேன். நாலு வருஷம் நாங்கள் தினமும் கழுவி, எண்ணெய் தடவி, எண் போட்டு வைத்திருந்த முகங்கள். அவற்றுக்குப் பெயர் உண்டு என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி இப்படித் தப்பு நடக்காமல் இருக்க ஒரு விதி எழுதும்படி தனி அலுவலர் சொன்னார். எழுதினேன். யார் படத்துக்கும் பெயரும் இறந்த தேதியும் தெரியாமல் மாலை போடக் கூடாது. நெருங்கிய உறவினரிடம் படிவம் அனுப்பி, ஆட்சேபணை உண்டா என்று எழுத்தில் கேட்காமல் போடக் கூடாது. அந்த விதியும் ஒருமனதாக நிறைவேறியது. ஆவணியில் எனக்கும் சரசுவுக்கும் கல்யாணம். மாமியார் எனக்குப் பரிமாறும்போதெல்லாம், "பதினேழு இட்லி வைக்கவா மாப்ளே?" என்று கேட்பதைக் கடைசிவரை விடவில்லை.

7

இந்த வருஷம் கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. சரசு ஒரே மகள். மாமனார் இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டார். அவள் அழுதுகொண்டே அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடினாள். பாஸ்போர்ட் வீட்டில் இல்லை. தங்குமிட அனுமதியைப் புதுப்பிக்க, வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுத்திருந்தோம்.

ஓடினோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். வருத்தம் தெரிவித்தார். கோப்பு மாவட்டத் தலைமையகத்தில் இருக்கிறது, முத்திரை விழுந்து வர அடுத்த செவ்வாய் ஆகும் என்றார். நான் எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் எனக்கு என் முகம்தான் தெரிந்தது. ரிஜிஸ்தருக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் இப்படித்தான் மரியாதையாக இருந்திருக்கிறேன்.

அடுத்த செவ்வாய் முத்திரை விழுந்து பாஸ்போர்ட் வந்தது. அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன். சரசு ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிவிட்டாள். பதினைந்து நாளில், அம்மாவின் புடவைகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டதாகப் பங்காளி வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அதற்கும் பிறகு, மேசைமேல் இருக்கிற இந்தப் படிவம்.

"கையெழுத்துப் போட்டா அனுப்பிரலாம்" என்று ஒரே ஒருமுறை சொன்னேன்.

"நீங்க எழுதுன விதிதான? நீங்களே போட்டுக்கங்க" என்றாள். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

8

போன வாரம் மாயாண்டி அண்ணனிடமிருந்து ஒரு ஏரோகிராம். அவருக்கு எழுத வராது, யாரையோ வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்திருக்கிறார். எழுதியவரும் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறார். சரசு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்றபடியே வாசித்தேன்.

"தம்பிக்கும் சரசு பாப்பாவுக்கும் மாயாண்டி எழுதிக்கொண்டது. இங்க எல்லாரும் சொகம். வர்ற மாசி மாசத்தோட எனக்கு ஆபீசு சோலி முடியுது. எம் எடத்துக்கு ஒரு தம்பி வந்துருக்கு. நல்ல பய, ஆனா படத்த நம்பரச் சொல்லித்தான் கூப்புடுது, பேரச் சொல்லு பேரச் சொல்லுன்னு நாஞ் சத்தம் போட்டுக்கிட்டு இருக்கேன். சுருளிக் கங்காணி இன்னும் கல்லு மாதிரி இருக்காரு. வெள்ளிக்கெழம வந்து பூவ மோந்து பாத்துட்டு, நேத்துப் பூவுன்னு சண்டைக்கு வர்றாரு. நம்ம வீரம்மா ஆத்தா மட்டும் வெறுமனே நிக்கிது. ஆளுக வந்து, அது போயிருச்சே, இன்னும் ஏன் போடலன்னு என்னயக் கேக்குறாக. படிவம் வரலன்னு சொல்றேன். படிவம் இல்லாமப் போட்டா அந்தாத்தா எறங்கி வந்து என்னய அடிச்சாலும் அடிக்கும். நாம் போறதுக்குள்ள சொல்லிப்புடுங்க. எங் கையால போட்டுட்டுப் போயிர்றேன்."

அடிக்கும் என்ற இடத்தில் சரசு சிரித்துவிட்டாள். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கேட்ட அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், அப்புறம் சிரிப்பு மாறி அழுகையாகிவிட்டது. நாலு மாதத்தில் அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. கனகா எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சரசு உப்பு ஜாடியை நகர்த்தினாள். பேனா கேட்டாள். எண் பதினேழு, பெயர் வீரம்மாள், உறவுமுறை மகள் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிதானமாக நிரப்பினாள். இறந்த தேதியையும் எழுதிவிட்டாள். கடைசிக் கட்டம், 'ஆட்சேபணை ஏதும் உண்டா'. அதற்கு நான் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தேன். அவள் ஓரத்தில் ஏறி, மேலே சுற்றி எழுதினாள்.

"உண்டு. நான் தை மாதம் நேரில் வருகிறேன். நான் வந்து என் கையால் போடும்வரை வேறு யாரும் போடக் கூடாது. மாயாண்டி அண்ணன் பக்கத்தில் நிற்கட்டும்."

கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். "இப்பிடி எழுதுனா ஒங்க விதிப்படி செல்லுமா?" என்று கேட்டாள்.

செல்லும் என்றேன். ஆட்சேபணை இருக்கும்வரை மாலை போட முடியாது, அதில் எந்தத் தனி அலுவலரும் ஒன்றும் செய்ய முடியாது. தபால் தலை ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். எங்கள் பஞ்சாயத்தின் கணக்கில் தை மாதம் வரைக்கும் என் மாமியார் உயிரோடு இருக்கிறார்.